பழைய ஜீப்புக்கு இரும்புப் பம்பர்

கேள்வி: என்னட்டைப் பழைய மிற்சுபிசி ஜீப், 4டிஆர்5 டீசல் எஞ்சின். முல்லைத்தீவு ஒட்டுசுட்டானில வயலுக்கும் காட்டுப்பாதைக்கும் ஓடுறது. முன் பம்பர் உக்கிப் போச்சு. வெல்டிங்காரப் பெடியன் 6 மில்லிமீற்றர் தகட்டில அடிப்பம் எண்டுறான். சரிவருமோ?

பதில்: வேண்டாம் அண்ணை. அந்தத் தகடு ஒரு சதுர மீற்றரே 47 கிலோ. நான் ஆசைப்பட்டுப் போட்டு, முன் வில்லுத்தகடு தாழ்ந்து, வாய்க்கால் வரம்பில பம்பர்தான் முதல்ல முட்டினது. 3 மில்லிமீற்றர் போதும். சேசியில (வண்டியின்ர அடிச்சட்டத்தில) பூட்டுற தட்டுக்கு மட்டும் 6 போடுங்கோ.

இன்னொருவர்: சேசியில வெல்ட் பண்ண விடாதேங்கோ, போல்ற்றுத்தான். ரெண்டு நுனியையும் கீழ்ப்பக்கம் சரிச்சு வெட்டுங்கோ, டயர் தடையில்லாமல் ஏறும். ரேடியேற்றருக்குக் காத்தை மறைச்சுப் போடாதேங்கோ.

கேட்டவர்: நன்றி. யானை வந்தால் தாங்குமோ எண்டு மனிசி கேக்கிறா.

பதில்: அதுக்குப் பம்பர் இல்லை அண்ணை, றிவேர்ஸ் கியர்!