ஆங்கில வினைச்சொல் ‘ஸீஸ்’ எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது?

தலவாக்கலை மாணவி:
லீசிங் தவணை கட்டாட்டி "த்ரீவீல ஸீஸ் பண்ணிட்டாங்க"ன்னு சொல்றோம். கராஜ்லயும் "எஞ்சின் ஸீஸ்"ங்கிறாங்க. ரெண்டும் ஒரே வினைச்சொல்லா? ஸ்னாட்ச், ரொப், கொன்ஃபிஸ்கேட் எல்லாத்துக்கும் பதிலா கட்டுரையில இதையே எழுதலாமா?

பண்டாரவளை ஆங்கில ஆசிரியர்:
ஒரே வினைதான் தங்கச்சி, ஆனா எல்லா இடத்துக்கும் சரிவராது. பலத்தாலோ அதிகாரத்தாலோ சட்டுனு கைப்பற்றினா ஸீஸ். எடுத்த பொருள் உடனே பின்னால வரும்: "த பொலிஸ் ஸீஸ்ட் த லொறி." ரொப்னா கொள்ளையடிக்கிறது; அதுக்குப் பின்னால பறிகொடுத்த ஆள் வரணும்: "தே ரொப்ட் ஹிம் ஒஃப் ஹிஸ் ஃபோன்." "ரொப்ட் ஹிஸ் ஃபோன்"னு எழுதினா பரீட்சைத் தாள்ல வெட்டு விழும். பஸ் ஸ்டாண்ட்ல சங்கிலிய அறுத்துட்டு ஓடுறது ஸ்னாட்ச். ஆளோட கையைப் பிடிச்சா "ஸீஸ்ட் ஹிம் பை தி ஆர்ம்". அங்க 'பை ஹிஸ் ஆர்ம்' வேண்டாம்.

பலர் சறுக்குறது கால அளவுல. ஸீஸ் பிடிக்கிற அந்தக் கணத்தை மட்டும்தான் சொல்லும், வச்சிருந்ததைச் சொல்லாது. 1803 பெப்ரவரியில ஆங்கிலேயப் படை கண்டி நகரத்தைப் பிடிச்சது, ஜூன்ல கைநழுவ விட்டது. ஆகவே 1803க்கு "ஸீஸ்ட் கேண்டி" சரி. எத்தனை மாசம் வச்சிருந்தாங்கன்னு சொல்ல 'ஹெல்ட்' வேணும். 1815ல பிடிச்சதுதான் நிலைச்சது.

1972, 1975 காணிச் சீர்திருத்தத்துல தோட்டங்களை அரசு எடுத்ததுக்கு 'டுக் ஓவர்', 'நேஷனலைஸ்ட்' போடுங்க. ஸீஸ்ட்னு எழுதினா அதை அநியாயம்னு நீங்க தீர்ப்பு சொன்ன மாதிரி ஆயிடும். அப்படித்தான் சொல்ல வந்தீங்கன்னா எழுதலாம்.

ஹட்டன் கராஜ்:
எஞ்சின் விசயம் வேற. அங்க யாரும் எதையும் பறிக்கல. ஒயில் குறைஞ்சோ, ரேடியேட்டர்ல தண்ணி இல்லாமலோ கினிகத்தேனை ஏத்தத்துல லோ கியர்லயே இழுத்தா சூடு ஏறி, பிஸ்டன் விரிஞ்சு சிலிண்டர்ல இறுகிடும். அதுக்கு "தி எஞ்சின் ஸீஸ்ட்", இல்லாட்டி "ஸீஸ்ட் அப்". நடுவுல 'வாஸ்' போட்டீங்களோ, எஞ்சினைப் பொலிஸ் தூக்கிட்டுப் போன கதையாயிடும்!

நுவரெலியா, நீதிமன்றப் பக்கம்:
கொன்ஃபிஸ்கேட் கடைசிப் படி. களவு மரம் ஏத்தின லொறியைப் பிடிக்கும்போது ஸீஸ். வழக்கு முடிஞ்சு குற்றம் நிரூபணமாகி அரசுடைமையாக்கச் சொன்னாத்தான் கொன்ஃபிஸ்கேட். ஸீஸ் பண்ணின வாகனம் திரும்பக் கிடைக்கலாம். பள்ளிக்கூடத்துல டீச்சர் ஃபோனைப் பறிச்சு வச்சா மட்டும் நேரா கொன்ஃபிஸ்கேட்தான்.
பெயர்ச்சொல் 'ஸீஷர்'. அதுக்கு வலிப்புன்னும் பொருள் இருக்கு. ஆஸ்பத்திரி அறிக்கையில அதைக் கண்டுட்டு யாரோ பறிமுதல் செஞ்சதா மொழிபெயர்த்துடாதீங்க.

தலவாக்கலை மாணவி:
நன்றி சேர், நன்றி அண்ணே. போர்நிறுத்தத்துக்குச் சொல்ற 'சீஸ்ஃபயர்'ல வர்ற 'சீஸ்'உம் இதே உச்சரிப்பா?

பண்டாரவளை ஆங்கில ஆசிரியர்:
இல்லை. அது நிறுத்துறது, முடிவுல காத்து மட்டும் வரும். ஸீஸ்ல கடைசி ஒலிக்குத் தொண்டை அதிரணும். குரல்வளையில விரலை வச்சுச் சொல்லிப் பாருங்க. எழுத்து எஸ், ஈ, ஐ, இஸட், ஈ; 'பிலீவ்' பழக்கத்துல ஐயை முன்னால போட்டுடாதீங்க.