கடையில் 2 பேர்தான், இபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கட்டாயமா?

திருகோணமலை உவர்மலையில் சின்ன ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறேன், இரண்டு பெடியன்கள் வேலை. பயிற்சிக் காலம் முடியட்டும், அப்புறம் இபிஎஃப் பார்ப்போம் என்றிருந்தேன். ஐந்து பேருக்குக் குறைவென்றால் தேவையில்லை என்கிறார்கள், உண்மையா?

மறுமொழி 1: இல்லை தம்பி. ஒரே ஒருவர் என்றாலும், தற்காலிகம் என்றாலும் முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். அவருடைய சம்பளத்தில் 8%, உங்கள் கையிலிருந்து 12%, அதோடு ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3%. அந்த 15%-ஐச் சம்பளத்தில் வெட்ட முடியாது, இங்கே பலர் செய்கிற கள்ளத்தனம் அதுதான். அடுத்த மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் மேலதிகக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும்.

மறுமொழி 2: நியமனக் கடிதம் கொடுத்தீர்களா அண்ணா? 1954 கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி அது கட்டாயம். கிழமைக்கு 45 மணித்தியாலம், அதற்கு மேல் போனால் ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, ஒன்றரை நாள் லீவு வேறு.

கேட்டவர்: ஐயோ, கடிதமும் இல்லை! வேலையை விட்டுப் போகும்போது கொடுக்கிற பணிக்கொடையும் உண்டா?

மறுமொழி 1: அதற்கு 15 பேர் வேண்டும், ஐந்து வருட சேவையும். இப்போதைக்கு அதை விடுங்கள், நாளைக்கே தொழில் அலுவலகத்துக்குப் போய்ப் பதியுங்கள்.