புதுப்பிப்பு: மனச்சோர்வில் குளிக்கவே முடியவில்லை என்று கேட்டிருந்தேன்

மாத்திரை தொடங்கி 10 நாளாகியும் எழுந்து குளிக்க முடியவில்லை என்று ஆடியில் புலம்பியிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

நான் எடுக்கும் மனச்சோர்வு மாத்திரையான எஸ்சிடலோபிராம் பலன் தர 4 முதல் 6 வாரம்கூட ஆகலாம், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்றவர் சொன்னதே சரி. எனக்கு 5ஆம் வாரம்தான் வித்தியாசம் தெரிந்தது, மாத்திரையால் வந்த குமட்டல் அதற்கு முன்பே போய்விட்டது. ஆனால் அதுவரை ஓட்டியது, அன்றாடம் நான் படும் பாட்டை அக்காவுக்கு கிரிக்கெட் வர்ணனையாக அனுப்பச் சொன்ன யோசனைதான். "போர்வையை விலக்குகிறார்... இல்லை, மழையால் ஆட்டம் நிறுத்தம்" என்று அனுப்பினேன். "டக்வொர்த் லூயிஸ்படி முகம் கழுவினால் போதும்" என்று பதில் வந்தது. சிரித்தேன், அப்புறம் அரைமணி நேரம் அழுதேன், அதைத்தான் எதிர்பார்க்கவில்லை.

நடுராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம்.

இந்த வாரக் குளியல் 7க்கு 5. துவைத்த துணி மட்டும் இன்னும் நாற்காலியில்தான்.