மூணாவது சிலிண்டர் மிஸ்: பிளக், காயில் மாத்தியும் பி0303 திரும்ப வருது

குண்டாறு_44:
1.2 லிட்டர் நாலு சிலிண்டர் பெட்ரோல், 2014 மாடல், 96,000 கி.மீ. ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனி காயில் (பொறிக்கு வோல்ட்டேஜ் கொடுக்கிறது). வெளியில் மாட்டின எல்பிஜி கிட் இருக்கு, சீக்வென்ஷியல் டைப் (சிலிண்டருக்கு ஒரு கேஸ் இன்ஜெக்டர்). காலையில் ஸ்டார்ட் பண்ணினா சுத்தமா ஓடுது. புளியரை எஸ் வளைவு ஏறும்போது மூணாவது கியரில் மிதிச்சா ஜெர்க் அடிக்குது, செக் எஞ்சின் லைட் விட்டு விட்டு எரியுது. ஆரியங்காவு செக்போஸ்ட்டில் நிறுத்தினா ஐட்லிங்கும் உதறுது. நாலு பிளக்கும் புதுசு, மூணாவது காயிலும் புதுசு. மூணே வாரத்தில் அதே பி0303 எர்ரர் கோடு, அதாவது மூணாவது சிலிண்டர் சரியா எரியலைன்னு. சாரல் நேரத்தில் கூடுதலா தெரியுது. அடுத்து எதை மாத்தணும்?

டேப்பெட்_அண்ணாச்சி:
தம்பி, இப்போ எதையும் மாத்தாதீங்க, இடம் மட்டும் மாத்துங்க. மூணாவது காயிலை ரெண்டாவதுக்கும், மூணாவது பிளக்கை ஒண்ணாவதுக்கும் கொண்டு போங்க. ரெண்டையும் ஒரே சிலிண்டருக்குக் கொண்டு போனா எது கெட்டதுன்னு தெரியாது. எர்ரர் கோடை அழிச்சிட்டு அதே ஏத்தம் ஏறுங்க. பி0302 வந்தா காயில், பி0301 வந்தா பிளக். பி0303-லயே நின்னா ரெண்டும் இல்லை. புது காயில்னு நம்பி விடாதீங்க, பெட்டியிலிருந்து எடுக்கும்போதே கெட்ட காயிலும் உண்டு.

லைட் விட்டு விட்டு எரியும்போது மட்டும் மிதிக்காதீங்க. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள்ள எரியும், உள்ளே இருக்கிற தேன்கூடு உருகி அடைச்சிக்கும். அப்புறம் இழுவையே இருக்காது.

பாறசாலை_வயரிங்:
சாரலில் கூடுதுன்னா பிளக் குழியைப் பாருங்க. வைப்பருக்குக் கீழே இருக்கிற தண்ணி வடிகாலில் இலை அடைச்சா மழைத்தண்ணி எஞ்சின் மேலயே ஊத்தும். பிளக்கைக் கழட்டுறதுக்கு முன்னாடி குழியில் காத்து அடிங்க, இல்லாட்டி மண் சிலிண்டருக்குள்ள விழும். குழியில் ஆயில் நின்னா டேப்பெட் கவரில் இருக்கிற டியூப் சீல் போச்சு. சில வண்டிகளில் அந்த சீல் தனியா கிடைக்காது, கவரோட தான் வாங்கணும்.

பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழே பென்சில் கோடு மாதிரி கருப்பா இருக்கா? கரண்ட் முனைக்குப் போகாம அந்தக் கோடு வழியா பாடிக்கு இறங்குது. ஏத்தத்தில் சிலிண்டர் அழுத்தம் கூடும், பொறி தாண்ட வோல்ட்டேஜும் கூட வேணும். அதனால்தான் சமதரையில் ஒண்ணும் தெரியாது. கோடு இருந்தா பிளக், ரப்பர் பூட் ரெண்டையும் சேர்த்து மாத்தணும். ஒண்ணை மட்டும் மாத்தினா பழசு புதுசைக் கெடுக்கும்.

குண்டாறு_44:
மாத்திப் போட்டுப் பார்த்தாச்சு. எர்ரர் கோடு பி0303-லயே நிக்குது. குழி காய்ஞ்சு இருக்கு, பீங்கானில் கருப்புக் கோடு இல்லை. ஸ்கேனரில் லாங் டெர்ம் ஃப்யூல் ட்ரிம் பிளஸ் 14, அதாவது வழக்கத்தை விட 14 சதவீதம் கூட பெட்ரோல் ஊத்துது. பெட்ரோல் பம்ப் வீக்னு வர்க்‌ஷாப்பில் சொல்றாங்க.

டேப்பெட்_அண்ணாச்சி:
பம்ப் வீக்கா இருந்தா ஒரே சிலிண்டர் மட்டும் மிஸ் அடிக்காது. எரியாம போற சிலிண்டரிலிருந்து ஆக்சிஜன் அப்படியே வெளியே வரும், சென்சார் அதைப் பெட்ரோல் குறைவுன்னு எடுத்துக்கும், ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) கூட ஊத்தும். பிளஸ் 14-இல் பெரும்பகுதி அதுவா இருக்கலாம். இப்போ போடுற ஈ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலுக்கே ஈசியூ கொஞ்சம் கூட ஊத்தித்தான் ஆகணும், ஏன்னா சுத்த பெட்ரோலுக்குக் காத்து விகிதம் 14.7, ஈ20-க்கு 13.5 பக்கம்.

ஒரே கேள்வி: கேஸில் ஓட்டினாலும் மிஸ் இருக்கா?

குண்டாறு_44:
ரெண்டிலும் இருக்கு. ஓட்டம் பெரும்பாலும் கேஸில் தான்.

டேப்பெட்_அண்ணாச்சி:
அப்போ இன்ஜெக்டர் இல்லை. கேஸுக்கு வேற இன்ஜெக்டர், பெட்ரோலுக்கு வேற. ரெண்டும் ஒரே சிலிண்டரில் ஒண்ணா கெடுறது அபூர்வம். மூணாவது காயில் கனெக்டரின் பின் தளர்ந்திருக்கான்னு ஒரு தடவை பார்த்துட்டு நேரா கம்ப்ரெஷன் டெஸ்டுக்குப் போங்க, சிலிண்டருக்குள்ள எவ்வளவு அழுத்தம் ஏறுதுன்னு அளக்கிறது.

வண்டியை ஓட்டி சூடாக்கி, கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் பிளக் கழட்டுங்க. கொதிக்கிற அலுமினிய ஹெட்டில் கழட்டினா மரை உரியும். நாலு பிளக்கும் வெளியே, இன்ஜெக்டர், காயில் கனெக்டர் எல்லாம் கழட்டி, ஆக்ஸிலரேட்டர் முழுசா மிதிச்சு, பிளக் ஓட்டையில் கேஜ் மாட்டி ஸ்டார்ட்டரில் ஒவ்வொண்ணுக்கும் அஞ்சாறு சுத்து. நல்ல பெட்ரோல் எஞ்சினில் 150-க்கு மேலே பி.எஸ்.ஐ. இருக்கும், சிலிண்டருக்கு சிலிண்டர் 10-15 சதவீதத்துக்கு மேலே வித்தியாசம் கூடாது. குறைஞ்ச சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுத் திரும்பப் பாருங்க. ஏறினா ரிங், ஏறலைன்னா வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். மறுநாள் காலையில் குளிர்ந்த எஞ்சினிலும் ஒரு தடவை எடுங்க.

குண்டாறு_44:
சூட்டில்: 172, 168, 118, 170. ஆயில் விட்டும் 122 தான். குளிரில் மூணாவது 155. கூலண்ட் குறையலை.

டேப்பெட்_அண்ணாச்சி:
எக்ஸாஸ்ட் வால்வின் இடைவெளி இறுகியிருக்கு, ஏறக்குறைய உறுதி. கேஸ் உலர்ந்த எரிபொருள், வால்வு சீட் தேயும். சீட் தேஞ்சா வால்வு ஹெட்டுக்குள்ள ஏறும், தண்டு நுனி கேம் பக்கம் நகரும், கேமுக்கும் வால்வுக்கும் நடுவே இருக்கிற டேப்பெட் இடைவெளி குறையும். சூட்டில் தண்டு நீண்டதும் இருந்த இடைவெளியும் போயிடும், வால்வு முழுசா மூடாது. காலையில் சுத்தமா ஓடுறது இதனால்தான்.

குளிர்ந்த எஞ்சினில், கேம் மூக்கு மேலே பார்க்கும்போது ஃபீலர் கேஜ் (அளவு போட்ட மெல்லிய தகடு) விட்டு அளங்க. பல எஞ்சின்களில் எக்ஸாஸ்ட் 0.30 மி.மீ. பக்கம், ஆனா உங்க மேனுவலில் இருக்கிற எண்தான் கணக்கு. ஹைட்ராலிக் டேப்பெட்னா அளக்க ஒண்ணும் இல்லை, லீக்டவுன் டெஸ்டுக்குப் போங்க, சிலிண்டரில் காத்து ஏத்தி எங்கே கசியுதுன்னு பார்க்கிறது. பக்கெட் டைப்னா (வால்வு மேல் கவிழ்ந்த கிண்ணம் மாதிரி டேப்பெட்): பழைய பக்கெட் தடிமன், கூட்டல் அளந்த இடைவெளி, கழித்தல் இருக்கவேண்டிய இடைவெளி. பழசு 3.20, அளந்தது 0.05, வேண்டியது 0.30 என்றால் 2.95 பக்கெட் போடணும். மத்த மூணு சிலிண்டரையும் சேர்த்து அளங்க, அதுங்களும் அதே கேஸில்தான் ஓடினது.

பாறசாலை_வயரிங்:
என் ஊகம் தப்பு, அண்ணாச்சி சொன்னதுதான் சரி. ஒண்ணு மட்டும்: இடைவெளியை சரி பண்ணியும் சூட்டில் கம்ப்ரெஷன் ஏறலைன்னா வால்வு முகம் எரிஞ்சிருக்கு, ஹெட்டை இறக்கணும். தென்காசியிலோ புனலூரிலோ எந்த லேத்தில் கொடுத்தாலும் கெட்டி சீட் போடச் சொல்லுங்க, வெறும் கிரைண்டிங் போதாது. திரும்ப வாங்கும்போது ஹெட்டைக் கவிழ்த்து, பிளக் மாட்டி, எரியறை மட்டம் வரைக்கும் மண்ணெண்ணெய் ஊத்திப் பத்து நிமிஷம் விடுங்க. போர்ட் பக்கம் ஈரம் தெரிஞ்சா வாங்காதீங்க.