மறுமொழி: ஸ்பின்லாக் – சுழல்பூட்டா, துயிலாப் பூட்டா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். 'ஸ்பின்லாக்' என்பது, பொதுத் தரவை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே தொடும்படி காக்கும் மென்பொருள் பூட்டு; அது கிடைக்கும்வரை, கிடைத்ததா என்று செயலி ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். அதற்குத் தமிழில் 'சுழல்பூட்டு' என்றே முடித்துவிடலாம் என்று குழுவில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. பூட்டு எங்கே சுழல்கிறது? சுற்றிக்கொண்டிருப்பது அதற்காகக் காத்திருக்கும் செயலி. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், லினக்ஸில், கிடைக்காவிட்டால் தூங்கிக் காத்திருக்கும் வகைப் பூட்டான மியூடெக்ஸும் சுழல்கிறதே! பூட்டை வைத்திருக்கும் இழை (நிரலின் ஓர் ஓட்டம், த்ரெட்) செயலியின் வேறொரு கோரில் ஓடிக்கொண்டிருந்தால், இதோ விட்டுவிடும் என்று நம்பி, வந்த இழை தூங்கப் போகாமல் சற்றுநேரம் சுற்றிப் பார்க்கிறது. ஆக, சுழற்சி இரண்டுக்கும் பொது. பிரித்துக் காட்டுவது தூக்கம்தான், அதாவது இழை செயலியை விட்டுக்கொடுத்து ஒதுங்கிக் காத்திருப்பது.

நெரிசலுக்குப் பேர்போன எங்கள் ஊர் சில்க் போர்டு சிக்னலில் எஞ்சினை அணைப்பதா வேண்டாமா என்ற அதே கணக்கு. உடனே கிடைக்கும் பூட்டுக்காக இழையைத் தூங்கவைத்து எழுப்பினால், எழுப்பும் செலவு காத்திருப்பை விஞ்சிவிடும். நெடுநேரம் ஆகுமென்றால், சுற்றும் செயலி அதுவரை தண்டம்.

என் பரிந்துரை: ஸ்பின்லாக்குக்குத் 'துயிலாப் பூட்டு', மியூடெக்ஸுக்குத் 'துயில்பூட்டு'. முதலாவதில் காத்திருப்பவரும் தூங்குவதில்லை, வைத்திருப்பவரும் தூங்கக் கூடாது. இந்த இரண்டாவது விதியில்தான் புதியவர்கள் இடறுகிறார்கள். அல்சூரில் நாங்கள் நடத்தும் ஞாயிறு வகுப்பில் ஒரு மாணவி, ஸ்பின்லாக்கைப் பிடித்த கையோடு 'ஜிஎஃப்பி கெர்னல்' கொடியுடன் (தேவைப்பட்டால் தூங்கிக் காத்திருக்கலாம் என்று அனுமதிக்கும் குறிப்பு) நினைவகம் கேட்டிருந்தார். நினைவகம் தாராளமாக இருந்தவரை நிரல் ஓடியது. நெருக்கடி வந்ததும் 'ஷெட்யூலிங் வைல் அடாமிக்' (தூங்கக் கூடாத இடத்தில் தூங்கப் போனது) என்ற பிழையைக் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையநிரல், தன் பதிவேட்டில் கொட்டித் தீர்த்துவிட்டது. 'சுழல்' என்ற சொல் இதை எச்சரிப்பதில்லை.

'விழிப்பூட்டு' என்ற பரிந்துரையும் வந்திருந்தது. விழி, பூட்டு என்று யார் பிரிப்பார்கள்? விழிப்பு ஊட்டு என்றுதான் படிப்பார்கள். விட்டுவிடலாம்.

லினக்ஸ் கெர்னல் முழுவதற்கும் ஒன்றாக இருந்த பழைய பெருங்கெர்னல் பூட்டு (1996இல் 2.0 பதிப்போடு வந்தது, 2011இல் 2.6.39இல் ஒழிந்தது) தனிச்சாதி. வைத்திருப்பவர் தூங்கினால் அது தானே விலகிக்கொள்ளும். அதை இந்தப் பட்டியலில் இழுக்க வேண்டாம்.

உண்மையான சிக்கல் வேறு. 2024இல் 6.12 பதிப்பில் நிகழ்நேர இடைமறிப்பு வசதி (அவசர வேலை வந்தால் ஓடும் வேலையை இடைமறிக்கும் 'ப்ரீஎம்ப்ட் ஆர்டி') கெர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. அந்த விருப்பத்தோடு கட்டினால் சாதாரண ஸ்பின்லாக்கே தூங்கும் பூட்டாகிவிடுகிறது. 'ரா ஸ்பின்லாக்' என்ற தனி வகை மட்டுமே தூங்காது. அங்கே என் சொல் பொய்த்துப்போகிறது, ஆங்கிலப் பெயரும்தான். துயிலாப் பூட்டு என்பதை 'ரா' வகைக்கு மட்டும் ஒதுக்கிவிடலாமா? ஒதுக்கினால் மற்றதை எப்படி அழைப்பது? சாதனங்களுக்கான இயக்கி நிரல் (டிரைவர்) எழுதுபவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
பெங்களூரிலிருந்து