6 மாதக் குழந்தைக்கு வீட்டுச் சாப்பாடு: கையைக் கடிக்காமல் முடியுமா?

தாரணி_திருப்பூர்:
எல்லோருக்கும் வணக்கம். பையனுக்குப் போன வாரம் 6 மாதம் முடிந்தது. தாய்ப்பால் நன்றாகவே இருக்கிறது, கூடவே சாப்பாடு ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார்கள். கடையில் 300 கிராம் டப்பா 300 ரூபாயை நெருங்குகிறது. வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் செக்கிங், இப்போது ஆர்டர் இல்லாத நேரம்.

மாமியார் ஊரிலிருந்து போனில் சத்துமாவுக்கு லிஸ்ட் சொன்னார். மொத்தம் 21 சாமான். பாதாம், முந்திரி, பிஸ்தா எல்லாம் உண்டு. மளிகைக் கடையில் விலை போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். பக்கத்து வீட்டு அக்காவோ, "கஞ்சித் தண்ணியும் பருப்புத் தண்ணியும் போதும்டி" என்கிறார். எதைச் செய்வது? வீட்டில் மிக்ஸி, குக்கர் இருக்கிறது. ஃப்ரிட்ஜ் இல்லை.

மலர்_திண்டுக்கல்:
தாரணி, அந்த 21 சாமான் லிஸ்ட்டை மடித்து வைத்துவிடுங்கள். காசை விடுங்கள், எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்துக் கொடுத்து, நாளைக்குக் குழந்தைக்கு உடம்பில் தடிப்பு வந்தால் எதனால் வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? ஒரு புதுப் பொருள் கொடுத்தால் மூன்று நாள் பாருங்கள், அப்புறம் அடுத்தது. பக்கத்து வீட்டு அக்கா சொல்வதும் வேண்டாம். பருப்புத் தண்ணியில் பருப்பு எங்கே இருக்கிறது? சத்தெல்லாம் அடியில் தங்கிவிடும். அந்தச் சின்ன வயிறு தண்ணியிலேயே நிரம்பிவிட்டால் சாப்பாட்டுக்கு இடம் ஏது?

நான் இரண்டு பிள்ளைகளுக்கும் செய்தது இதுதான். வீட்டுக்குக் குக்கரில் சோறு வைப்பீர்கள் அல்லவா, அதற்குள்ளேயே ஒரு எவர்சில்வர் டம்ளரை நிற்க வையுங்கள். டம்ளரில் ஒரு பிடி அரிசி, அரைப் பிடி வறுத்த பாசிப்பருப்பு, ஒரு துண்டு பரங்கிக்காயோ கேரட்டோ, முக்கால் டம்ளர் தண்ணீர். பொங்கி வழியாமல் இருக்க மேலே ஒரு சின்னத் தட்டு. உங்கள் சோறு வேகும்போது அதுவும் குழைய வெந்துவிடும், தனியாக கேஸ் செலவே இல்லை. கரண்டியின் பின்பக்கத்தால் மசித்து, அரை ஸ்பூன் நெய் விடுங்கள். நெய் இல்லையென்றால் செக்கு நல்லெண்ணெய். உப்பும் சர்க்கரையும் ஒரு வயது வரை வேண்டாம். நமக்குத்தான் சப்பென்று இருக்கும், அவனுக்கு அது தெரியாது.

பதம்தான் முக்கியம். ஸ்பூனைச் சாய்த்தால் கூழ் அதிலேயே நிற்க வேண்டும், மெதுவாக நழுவலாம். தண்ணீர் மாதிரி ஒழுகினால் இன்னும் கெட்டியாக்குங்கள். முதல் சில நாள் இரண்டு மூன்று ஸ்பூன் போதும். மிக்ஸியில் வெண்ணெய் மாதிரி அடிப்பதை ஒரு மாதத்துக்குள் நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் ஒன்றரை வயதிலும் ஒரு பருக்கை தட்டுப்பட்டால் துப்பும். ஃப்ரிட்ஜ் இல்லாததும் ஒரு விதத்தில் நல்லதுதான். அந்தந்த வேளைக்குச் செய்து, மிச்சத்தை நீங்கள் சாப்பிட்டுவிடுங்கள்.

மாவு கட்டாயம் வேண்டும் என்றால் கேழ்வரகு மட்டும் அரைக்கிலோ வாங்குங்கள். கல் அரித்து, ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் ஈரத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் அடுத்த நாள் வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். காயவைத்து, வாசனை வரும் வரை லேசாக வறுத்து, மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். முளைகட்டிய மாவில் கூழ் அவ்வளவாக இறுகாது, அதனால் அதே கிண்ணத்தில் மாவைக் கூடுதலாகப் போடலாம். மில்லில் கொடுப்பதாக இருந்தால் யாராவது அரிசி அரைத்த பிறகு போடச் சொல்லுங்கள். மிளகாய்த்தூள் அரைத்த மெஷினில் வேண்டவே வேண்டாம்!

தாரணி_திருப்பூர்:
டம்ளர் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை அக்கா, இன்றைக்கே செய்கிறேன். முட்டை கொடுக்கலாமா? மாமியார் ஒரு வயது ஆகட்டும் என்கிறார்.

ஓய்வு_அங்கன்வாடி_டீச்சர்:
கொடுக்கலாம் அம்மா, நன்றாக வெந்திருக்க வேண்டும். முதலில் மஞ்சள் கருவில் ஒரு துளி, ஒத்துக்கொண்டால் மெதுவாக முழு முட்டை வரை போகலாம். உங்கள் லிஸ்ட்டில் உள்ள பாதாமை விட முட்டை எவ்வளவோ மலிவு. தேன்தான் ஒரு வயது வரை நாக்கில் தடவக்கூடக் கூடாது. நிலக்கடலை கொடுத்தால் பொடித்து, கூழில் கலந்து மட்டும். முழுசாகக் கொடுத்தால் தொண்டையில் சிக்கும்.

உங்களிடம் யாரும் சொல்லவில்லையா தெரியவில்லை: 6 மாதம் முடிந்த குழந்தைகளுக்கு அங்கன்வாடியில் இணை உணவு மாவு இலவசம். கோதுமை, முளைகட்டிய கேழ்வரகு, கடலைப்பருப்பு, வெல்லம் எல்லாம் அதில் இருக்கிறது. வெல்லம் சேர்ந்தே வருவதால் மேலே இனிப்புப் போட வேண்டாம், ஒரு வயது வரை ஒரு வேளையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாடகைக்கு வந்தவர்கள் என்று தயங்கவும் வேண்டாம். தாய் சேய் நல அட்டை, ஆதார் இரண்டையும் எடுத்துக்கொண்டு உங்கள் தெருவுக்கு உரிய மையத்தில் பெயர் பதியுங்கள். மாதாமாதம் எடையும் போட்டு அட்டையில் குறிப்பார்கள். செவிலியரிடம் இரும்புச்சத்து சிரப்பைக் கேளுங்கள். 6 மாதத்திலிருந்து வாரம் 2 முறை, தடவைக்கு 1 மி.லி. கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து அதிகம், ஆனால் இரும்புக்கு அதையே நம்பிவிடக் கூடாது. பருப்போடு முருங்கைக்கீரையைக் குழைய வேகவைத்து, ஆறியதும் நாலு சொட்டு எலுமிச்சை பிழியுங்கள், இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும்.

நாகர்கோவில்காரி:
எங்கள் பக்கம் ஏத்தங்காய்ப் பொடிதான், நேந்திரங்காயைத்தான் அப்படிச் சொல்வோம். பச்சைக் காயைத் தோல் சீவி, மெல்லிசாக நறுக்கி, மொறுமொறுப்பாகக் காயவைத்துப் பொடித்தால் ஆச்சு. ஆனால் திருப்பூரில் ஏத்தங்காய் என்ன விலையோ! கிடைக்கிற பழத்தை மசித்துக் கொடுங்கள், போதும். மீன் வாங்கும் வீடு என்றால் முள் பார்த்து எடுத்த மீனையும் அந்த டம்ளர் சோற்றில் பிசையலாம்.

தாரணி_திருப்பூர்:
டீச்சரம்மா, அங்கன்வாடி இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. திங்கட்கிழமை போகிறேன். மலர் அக்கா, ரேஷன் துவரம்பருப்பு இருக்கிறது, பாசிப்பருப்புக்குப் பதில் போடலாமா?

மலர்_திண்டுக்கல்:
தாராளமாக. வேக நேரம் எடுக்கும், அதனால் அரை மணி நேரம் ஊறவைத்துப் போடுங்கள். வெந்ததும் விரலால் நசுக்கிப் பாருங்கள், நடுவில் கெட்டியாக இருக்கக் கூடாது. மாமியாரிடம், பாதாம் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்லி வையுங்கள்.