பீட்டில்ஸ் மோனோ பெட்டி வாங்கலாமா? வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. 2014-இல் வந்த பீட்டில்ஸ் இசைக்குழுவின் மோனோ (எல்லா ஒலியும் ஒரே தடத்தில்) வினைல் இசைத்தட்டுகள் அடங்கிய பாக்ஸ் செட் ஒன்று எனக்கு விலைக்கு வந்திருக்கிறது. கேட்பது கிட்டத்தட்ட ஒரு லட்சம் ரூபாய். ஓரிரு முறைதான் போட்டுக் கேட்டேன் என்கிறார் விற்பவர்.

11 ஆல்பங்கள், 14 தட்டுகள், கூடவே ஒரு புத்தகம். எனக்கு ஆசை வந்ததற்குக் காரணம் ஒலிதான்: 2012-இல் வந்த ஸ்டீரியோ (இடம், வலம் என இரு தட ஒலி) பெட்டியின் தட்டுகள் டிஜிட்டல் கோப்பிலிருந்து வெட்டப்பட்டவை, அதாவது அச்சிடுவதற்கான ஒலிப்பள்ளம் அதிலிருந்து பதிக்கப்பட்டது, இதை மட்டும் அபே ரோடு ஸ்டுடியோவில் மூல மாஸ்டர் டேப்பிலிருந்து (இறுதி ஒலிப்பதிவு நாடா), இடையில் டிஜிட்டலே இல்லாமல் வெட்டியிருக்கிறார்கள், அதுவும் அறுபதுகளில் அந்தக் குழு அதிகக் கவனம் செலுத்தியது மோனோ மிக்ஸில்தான் (குரல், கருவிகளை ஒன்றுசேர்த்த ஒலிக்கலவை). நண்பர் வீட்டில் ஒரு தட்டைக் கேட்டேன். குரலும் பேஸும் நடுவில் திடமாக வந்து நின்றன, அன்றிலிருந்து மனசு அங்கேயே இருக்கிறது.

தயக்கம் விலையில்தான். அபே ரோடு, லெட் இட் பி ஆல்பங்கள் இரண்டும் ஸ்டீரியோவில் மட்டுமே வந்தவை, அதனால் இதில் கிடையாது. அப்புறம், இதே ஆல்பங்களைத் தனித்தனியாகவும் விற்றார்கள், எனக்கு உண்மையில் வேண்டியது நாலைந்துதான். தனியாகத் தேடினால் செலவு குறையுமா, இல்லை அவையும் இப்போது ஏறிவிட்டனவா? நாளைக்கே மறுபடி அச்சிட்டால் விலை விழுமே என்ற பயமும் இருக்கிறது.

நேரில் பார்க்கும்போது எதையெல்லாம் சோதிக்க வேண்டும்? என்னிடம் ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ்தான் (தட்டை வாசிக்கும் ஊசி உள்ள பகுதி) உள்ளது, போதுமா? பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருக்கிறது, அதற்கு எவ்வளவு குறைத்துக் கேட்கலாம்? ஞாயிற்றுக்கிழமைக்குள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.